இஞ்ஞாசி கொறைராவின் ஈரலும் தெற்கு வாடிச் சபையும்

தெற்கு வாடியில் இஞ்ஞாசி கொறைரா என்று ஒருவர் இருந்தார். குடிக்காதவர். ஊரில் யாரைக் கேட்டாலும் அவரைப் பற்றி முதலில் சொல்வது இதைத்தான். இரண்டாவதாக ஏதாவது சொல்ல யோசிப்பதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விடும். ஒரு மனிதன் தான் செய்யாத ஒன்றைக் கொண்டு ஐம்பத்து நான்கு வயது வரை அறியப்படுவது லேசான காரியம் அல்ல. தினமும் அதைச் செய்யாமல் இருக்க வேண்டும்; செய்யாமல் இருப்பது நாலு பேர் கண்ணில் படவும் வேண்டும்.

வயிற்றுப் பிழைப்புக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் டாலி கிளார்க். தோணியில் ஏறுகிற மூட்டைகளுக்கு நாலு கோடு நிறுத்தி, ஐந்தாவதைக் குறுக்கே இழுத்து எண்ணிக்கொண்டிருப்பார். உப்பு, நிலாவரை இலை, கொழும்புக்குப் போகும் வெங்காயம். அதற்கு முன்னால், முத்துக்குளிப்பு நடந்த வருடங்களில், கடலடியில் சிப்பி விளையும் பாரைப் பரிசோதிக்கும் படகில் எழுத்தராக இருந்தார். ஒரே மகளைப் பம்பாயில் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் அவரும் மனைவி மெட்டில்டாவும்தான்.

பன்னிரண்டு வயதில் யாரோ கள்ளுக் கலயத்தை மூக்கருகில் நீட்ட, அவர் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார். அதற்குப் பிறகு அந்த வாசனை பட்டாலே குமட்டும். அவருடைய ஒழுக்கம் முழுவதும் இந்த வாந்தியிலிருந்து புறப்பட்டது. ஆனால் மனிதர்கள் தங்கள் வயிற்றின் குணத்தை ஆன்மாவின் குணமாக எடுத்துக்கொள்வது வழக்கம். இஞ்ஞாசி அப்படித்தான் தெற்கு வாடி மதுவிலக்குச் சபையின் தலைவரானார்.

சபைக்கு ஒரு வழக்கம் இருந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் கூடி, சத்தியம் செய்துவிட்டுத் தவறியவர்களின் பெயரை உரக்க வாசிப்பார்கள். வாசிப்பவர் தலைவர். பட்டியல் தயாரிப்பவரும் அவரே. யாரும் போய்ச் சொல்லத் தேவையில்லை. கோயில் வாசலில் நின்று வருகிறவர்களின் கண்ணையும் வயிற்றையும் பார்ப்பார். கண் மஞ்சளித்திருந்தால் குடி. கன்னம் ஒட்டி மேல்வயிறு மட்டும் புடைத்திருந்தால் பழைய குடி. “வாய் பொய் சொல்லும், ஈரல் சொல்லாது” என்று மேடையில் முழங்குவார். மண்டபச் சுவரில் இரண்டு ஈரல்களின் படம் வேறு மாட்டியிருந்தது. ஒன்று நல்லவனுடையது, மற்றது குடிகாரனுடையது. வரைந்தவர் தோணிகளுக்குப் பெயர் எழுதுகிற ஆள். அவர் கறிக்கடையில் போய்ப் பார்த்துவிட்டு வந்து வரைந்ததால் இரண்டுமே ஆட்டு ஈரலாக இருந்தன. அதை யாரும் கவனிக்கவில்லை.

நடுவில் மூன்று வருடம் அரசாங்கமே கடைகளைத் திறந்து வைத்திருந்தபோது பட்டியல் இரண்டு தாள் நீண்டது. பிறகு அரசாங்கம் கடைகளை மூடியது, பட்டியல் மூன்று தாள் ஆனது.

எழுபத்தாறாம் வருடம் தவசு காலத்தில் மெட்டில்டா அவருடைய கால்சட்டைகளை இரண்டு தடவை பிடித்துத் தைத்தாள். விரதம் என்று அவர் சொல்லிக்கொண்டார். ஈஸ்டர் முடிந்தும் சதை ஏறவில்லை. நெஞ்சுக் குழிக்குக் கீழே கையை வைத்தால் தேங்காய் மூடி மாதிரி ஒன்று தட்டுப்பட்டது. சட்டைக்கு மேலேயே தெரிய ஆரம்பித்தபோதுதான் அவர் டாக்டர் வேதமணியிடம் போனார்.

வேதமணி அழுத்திப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், திரும்பப் படுக்கச் சொல்லிப் பார்த்தார்.

“ஈரல்ல கட்டி மாதிரி இருக்கு அண்ணாச்சி.”

அறைக்கும் வெளி பெஞ்சுக்கும் நடுவே ஒரு துணித் திரைதான் மறைப்பு. பெஞ்சில் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் எட்டுப் பேரின் பெயரை அவர் எந்த மாதத்திலாவது வாசித்திருந்தார்.

அவர் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. சாயங்காலம் சபையின் துணைத் தலைவர் தனராஜ் மோத்தா வந்தார். ஐஸ் பேக்டரி முதலாளி. மதுவிலக்கு மறுபடி வந்த மாதமே, உடம்புக்கு அவசியம் என்று டாக்டர் சான்று வாங்கி, அரசாங்கத்திடமிருந்து பெர்மிட் பெற்றவர். மாதாமாதம் முறையாக வாங்கி முறையாகக் குடிப்பார். அது மருந்து என்பதால் அவர் பெயர் பட்டியலில் வந்ததில்லை.

“என்ன தலைவரே, ஈரலாமே?”

“கட்டி. ஈரல்ல ஒரு கட்டி.”

“நானும் ஈரல்னுதான சொல்லுதேன்.”

“நான் ஒரு சொட்டுத் தொட்டதில்லன்னு உமக்குத் தெரியாதா தனராஜ்?”

“எனக்குத் தெரியும்வே. நான் என்ன சின்னப்புள்ளையா? ஆனா ஈரல் பொய் சொல்லாதுன்னு இருவது வருசமா மைக்ல சொன்னது நானா, நீரா?”

மெட்டில்டா காப்பி கொண்டுவந்து வைத்தாள். தனராஜ் அதைக் குடித்துவிட்டு, ஊர் என்ன பேசுகிறது என்பதை வருத்தத்தோடு, ஒன்றையும் விட்டுவிடாமல் சொன்னார். கொழும்புத் தோணிக்காரர்கள் பாட்டில் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்று ஒரு கட்சி. மூட்டை எண்ணுகிற சாக்கில் தோணிக்குள் இறங்குவதே அதற்குத்தான் என்று இன்னொரு கட்சி. வாடை தெரியாமலிருக்க ஆத்தூர் வெற்றிலையாக வாங்கி மெல்லுகிறார் என்று மூன்றாவது. இஞ்ஞாசி வெற்றிலை போடுவது உண்மை. மற்ற இரண்டையும் நம்புவதற்கு ஊருக்கு அந்த ஒரு உண்மை போதுமாக இருந்தது.

மறுநாள் வேதமணியிடம் மறுபடி போனார். இந்த முறை மெட்டில்டாவும் கூட.

“சீழ்க்கட்டியா இருந்தாலும் இருக்கும். அப்படின்னா ஊசி போட்டு உறிஞ்சி எடுத்துடலாம், கவலையில்ல” என்றார் வேதமணி. “கேன்சரா இருந்தா அதுல ரெண்டு வகை இருக்கு. ஈரலோட சதையிலயே பிறக்கது ஒண்ணு. ஈரலுக்குள்ள பித்தநீர் ஓடுற குழாய் இருக்கும்லா, அதுல பிறக்கது இன்னொண்ணு. கையால தடவிப் பாத்து இதுன்னு சொல்ல முடியாது. மெட்ராஸ்ல இப்பப் படம் எடுத்துப் பாக்காங்க.”

“குடியினால வாரது எது டாக்டர்?”

வேதமணி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “பிழைக்க வழி உண்டான்னு நீங்க இன்னும் கேக்கலியே அண்ணாச்சி.”

“அதைச் சொல்லுங்க முதல்ல.”

“சதையில பிறக்கது. குடிச்சுக் குடிச்சு ஈரல் தழும்பாப் போச்சுன்னா அதுல வரும். ஆனா அது வந்தவங்க எல்லாரும் குடிச்சவங்கன்னு…”

இஞ்ஞாசி எழுந்துவிட்டார். வாக்கியத்தின் இரண்டாம் பாதியை மெட்டில்டா மட்டும் கேட்டுக்கொண்டாள். திரும்பி வரும் வழியிலேயே தமக்குப் பித்தக்குழாய் வகைதான் என்று அவர் முடிவு செய்துவிட்டார். மெட்ராஸில் எடுக்கும் படத்தைச் சட்டகம் போட்டு மண்டபத்தில் மாட்டுவது வரை மனசுக்குள் நடந்து முடிந்தது. சபையும் தீர்மானம் போட்டது. படம் வரும்வரை தலைவர் ஓய்வில் இருப்பார். படத்தில் களங்கமில்லை என்று தெரிந்தால் அடுத்த முதல் ஞாயிறு அவரே பட்டியலை வாசிப்பார்.

புறப்படுவதற்கு முந்தின நாள் இருவரும் அந்தோனியார் பீடத்தில் மெழுகுவத்தி ஏற்றினார்கள். அவள் சீழாக இருக்க வேண்டும் என்று வேண்டினாள். அவர் பித்தக்குழாய்ப் புற்றாக இருக்க வேண்டும் என்று வேண்டினார். ஒரே ஈரலுக்கு ஒரே வீட்டிலிருந்து இப்படி எதிரும் புதிருமாக இரண்டு விண்ணப்பம் போனால் ஒரு புனிதர் என்னதான் செய்வார்?

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் படம் எடுக்கும் பகுதிக்குப் பொறுப்பு டாக்டர் பகவதி என்ற அம்மாள். நாற்பது வயதிருக்கும். சீட்டில் ஊர் பெயரைப் பார்த்ததும் ஆஸ்பத்திரித் தமிழ் உதிர்ந்துவிட்டது.

“தூத்துக்குடியா? நான் விளாத்திகுளம்லா. இங்கன வந்து பதினஞ்சு வருசமாச்சு. படுங்க.”

நர்ஸ் முழங்கை மடிப்பில் ஸ்பிரிட் பஞ்சால் துடைக்க வந்தாள். இஞ்ஞாசி கையை இழுத்துக்கொண்டார்.

“தண்ணியால துடைங்கம்மா. இது வாடையடிக்கும்.”

“ஸ்பிரிட்னா வாடையடிக்கத்தான் செய்யும் சார்.”

“அதத்தான் சொல்லுதேன். வெளிய போனா ஆளுக என்ன நினைப்பாங்க?”

ஸ்பிரிட்டால்தான் துடைத்தார்கள். ஊசியில் ஒரு மருந்து ஏறியது. அணுக்கதிர் வீசும் மருந்து, நல்ல ஈரல் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்றார் பகவதி. மேலே ஒரு இரும்புக் கை, வயல் உழுகிற மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஊர்ந்தது. மருந்து இருக்கும் இடத்துக்கு மேலே வரும்போதெல்லாம் பக்கத்துக் காகிதத்தில் டக் டக்கென்று புள்ளி விழுந்தது. அவர் தம் பழக்கத்தில் எண்ண ஆரம்பித்து, முந்நூற்றுச் சொச்சத்தில் விட்டுவிட்டார். காகிதம் நிறைந்தபோது புள்ளிகள் அடர்ந்து ஒரு ஈரல் உருவாகியிருந்தது. அதன் இடது பக்கம் உள்ளங்கை அளவுக்கு ஒரு புள்ளிகூட இல்லை. வெறும் ஓட்டை.

“இது எந்த வகைம்மா?”

“இது ஓட்டை” என்றார் பகவதி. “சீழ் இருந்தாலும் ஓட்டைதான் தெரியும். நீர்க்கட்டின்னாலும் ஓட்டை. கேன்சர் ரெண்டு வகையும் ஓட்டை. எங்க இருக்குன்னுதான் இது சொல்லும், என்னன்னு சொல்லாது.”

ஊசி குத்திப் பார்த்ததில் சீழ் இல்லை. மெட்டில்டாவின் விண்ணப்பம் தள்ளுபடியானது. இன்னும் தடித்த ஊசியால் ஒரு துணுக்குச் சதை எடுத்துப் பார்க்கலாமா என்று சின்ன டாக்டர் ஒருவர் கேட்டார். பகவதி தயங்கினார். ரத்தம் நிறைய ஓடுகிற கட்டியாக இருந்தால் குத்தின இடத்தில் நிற்காமல் கொட்டும், முதலில் ரத்தக்குழாய்ப் படம் பார்த்துவிடலாம் என்றார். இஞ்ஞாசிக்கும் துணுக்கில் நம்பிக்கை இல்லை. பரிசோதனைப் படகில் ஒரு வருடம் பாரின் ஒரு மூலையில் அள்ளின சிப்பிகளில் முத்து கொழித்தது. அதை நம்பிக் குளித்தவர்களுக்கு மீதிப் பாரில் கிடைத்தது வெறும் நாற்றம். ஒரு கை சிப்பியை வைத்துப் பாரைச் சொல்லக் கூடாது என்று அன்றைக்கே அவர் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். கோயில் வாசலில் நின்றபோது மட்டும் அது ஏனோ அவருக்கு நினைவுக்கு வந்ததில்லை.

ரத்தக்குழாய்ப் படத்துக்குத் தொடை மடிப்பில் துளை போட்டு, நூல் போன்ற ஒரு குழாயை ஈரல் வரைக்கும் ஏற்றினார்கள். “இப்ப மருந்து விடுவேன், உள்ள சூடா இருக்கும், அசையக் கூடாது” என்றார் பகவதி. மருந்து போனது. எக்ஸ்ரே தகடுகள் சடசடவென்று மாறின. வயிற்றில் ஒரு நெருப்பு எழும்பி, நெஞ்சுக்கு ஏறி, காது மடல் வரை பரவி, ஒரு மாதிரி இதமாக அடங்கியது.

“டாக்டரம்மா.”

“அசையாதிய.”

“சாராயம் குடிச்சா இப்படித்தான் இருக்குமோ?”

“எனக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் சொல்லணும்.”

“எனக்கும் தெரியாதும்மா” என்றார் இஞ்ஞாசி. பகவதி சிரித்தார். அந்தச் சிரிப்பில் நம்பிக்கை இருந்ததா, கேலி இருந்ததா என்று அவர் அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் விளக்குப் பெட்டியில் படத்தை மாட்டி இருவரையும் கூப்பிட்டார்கள். கறுப்பில் வெள்ளைக் கோடுகள். ஒரு தண்டிலிருந்து கிளை பிரிந்து, இடது பக்கம் வந்ததும் திடீரென்று நூறு கொடியாகப் பின்னிக்கொண்டு கிடந்தது.

“ஆத்தூர் கொடிக்கால் பாத்திருக்கியளா? வெத்தலைக் கொடிக்கு வாய்க்கா வெட்டி வெட்டித் தண்ணி விட்டிருப்பாங்கள்ல? இது அது மாதிரி. தனக்குன்னு புதுசு புதுசா ரத்தக்குழாய் இழுத்துக்கிட்டு, மருந்து போன பிறகும் கறை மாதிரி நிக்கி, பாருங்க. ஈரல் சதையில பிறக்கது இப்படித்தான் இருக்கும். பித்தக்குழாய்ல பிறக்கதுன்னா எங்க விளாத்திகுளம் மாதிரி. வறண்டு கிடக்கும். இருக்க குழாயும் நெருக்குப்பட்டு, ஒட்டிப் போயிருக்கும்.”

“விளாத்திகுளமா இருக்க வாய்ப்பே இல்லியாம்மா?”

“இல்ல. இது ஆத்தூர்தான்.”

இஞ்ஞாசி ஸ்டூலில் உட்கார்ந்தார். பகவதி தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தார். கட்டி ஒன்றுதான், இடது மடலுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது, அந்த மடலை வெட்டி எடுத்துவிடலாம், பெரிய ஆபரேஷன்தான், ஆனாலும் இப்படிக் கிடைப்பது அபூர்வம், திங்கட்கிழமையே செய்துவிடலாம் என்று சர்ஜன் சொல்கிறார். மெட்டில்டா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷ அழுகை. அவர் கேட்டது வேறு.

“அறிக்கையில பித்தக்குழாய்னு போட முடியாதா?”

“எதுக்கு?”

விஷயத்தைச் சொன்னார். சபை, பட்டியல், சுவரில் மாட்டிய ஈரல், பெர்மிட் வாங்கின தனராஜ், எல்லாவற்றையும்.

“நீங்க குடிக்கலன்னு எனக்குத் தெரியும்” என்றார் பகவதி. “நீங்க சொன்னதுனால இல்ல. இந்தப் புள்ளிப் படத்தைப் பாருங்க. ஓட்டையைத் தவிர மீதி ஈரல் மருந்தைச் சமமாப் பிடிச்சிருக்கு. குடிச்சுத் தழும்பான ஈரல்னா பிடிக்காது, மருந்து மண்ணீரலுக்கு ஓடிப் போயிரும். உங்க ஈரல் நல்ல ஈரல், கட்டிதான் கெட்டது. சின்ன வயசுல மஞ்சக்காமாலை வந்துச்சா?”

“இருவத்தஞ்சு வயசுல. முத்துக்குளிப்புக் கொட்டகையில கிடந்தேன், ரெண்டு மாசம்.”

“அதுல ஒரு வகை உள்ள தங்கி, பின்னால இந்தக் கட்டிக்குக் காரணமாகுதுன்னு இப்பப் பேசுதாங்க. முடிவாச் சொல்ல மாட்டேன்.”

இஞ்ஞாசி விளக்குப் பெட்டியிலிருந்து டாக்டரம்மா பக்கம் திரும்பினார்.

“மஞ்சக்காமாலையிலயும் கண்ணு மஞ்சளாகும், இல்லியா?”

“அண்ணாச்சி, அதுக்குப் பேரே அதுதான?”

அவருக்குத் தெரியாத விஷயம் அல்ல. அவர் கண்ணே இரண்டு மாதம் மஞ்சளாக இருந்திருக்கிறது. மீன் ஏலம் கூறுகிற பவுல் மூன்று மாதம் வரிசையாக மண்டபத்தில் எழுந்து, “காமாலைங்க, கீழாநெல்லி குடிக்கேன்” என்று கெஞ்சியதும், கீழாநெல்லியைக் குடிக்கிறானாம் என்று சபை சிரித்ததும் நினைவுக்கு வந்தன. நினைவு எப்போதும் இருந்தது. அது தேவைப்படாத இடத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

“மீதி ஈரல் நல்லாருக்குன்னு எழுதிக் குடுங்கம்மா. ஞாயித்துக்கிழமை முதல் ஞாயிறு. போய்க் காட்டிட்டு வந்துருதேன்.”

“திங்கக்கிழமை ஆபரேஷன்.”

“அடுத்த வாரம் வைங்க.”

“கட்டில் வேற ஆளுக்குப் போயிரும். கட்டியும் உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்காது.”

வெளியே வராந்தாவில் வைத்து மெட்டில்டா பேசினாள். முப்பது வருடத்தில் அவள் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

“இங்க பாருங்க. நீங்க செத்தா குடிச்சுச் செத்தான்னு சொல்லுவாங்க. பிழைச்சா, குடிச்சும் பிழைச்சுட்டாம்பாங்க. எனக்கு ரெண்டாவது போதும். உங்க பேரை வச்சு நான் கஞ்சி காய்ச்ச முடியாது. பேசாம கையெழுத்துப் போடுங்க.”

அவர் கையெழுத்துப் போட்டார். ஆனால் மனம் ஆறவில்லை. ஐஸ் பேக்டரி மிஷினுக்குச் சாமான் வாங்க மெட்ராஸ் வந்திருந்த தனராஜ் சனிக்கிழமை பார்க்க வந்தபோது, ரத்தக்குழாய்ப் படத்தின் பிரதி ஒன்றையும் பகவதி எழுதிக் கொடுத்த தாளையும் அவரிடமே கொடுத்தனுப்பினார். “படத்தைக் குடுக்காதிய, குரங்கு கையில குடுத்த மாதிரி” என்று மெட்டில்டா காதில் சொன்னாள். அவர் கேட்கவில்லை. உண்மையைப் பார்த்தவன் ஒத்துக்கொள்வான் என்று அவர் நம்பினார். இருபது வருடம் ஒரு சபையை நடத்தியவருக்கு இருக்கக் கூடாத நம்பிக்கை அது.

திங்கட்கிழமை இடது மடலை எடுத்தார்கள். ஆறு மணி நேரம் ஆயிற்று. ஒன்பது பாட்டில் ரத்தம் ஏறியது. அதில் குடித்தவன் ரத்தம் எத்தனை பாட்டில் என்று கேட்கிற நிலையில் அவர் இல்லை.

பத்தாம் நாள் தனராஜின் கடுதாசி வந்தது. தலையணையை முதுகுக்கு அண்டக் கொடுத்து உட்கார வைத்து, மெட்டில்டாவே வாசித்தாள்.

படத்தை மண்டபத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கமிட்டி உறுப்பினர் பதினொருவரும் பார்வையிட்டார்களாம். முதலில் தலைகீழாகப் பிடித்ததில் கருத்து வேறுபாடு வந்ததாம். நேராகப் பிடித்த பிறகு, ஒரு மனிதனுக்கு ஒரே இடத்தில் இத்தனை குழாய் எதற்கு, நல்ல தண்ணீர் ஓடவா என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டாராம். டாக்டரம்மாவின் தாளில் குடியின் ஆதாரம் எதுவும் காணப்படவில்லை என்று எழுதியிருந்ததை எடுத்து ஆராய்ந்தபோது, ஆதாரம் இல்லை என்பதே எவ்வளவு சாமர்த்தியமாக மறைத்திருக்கிறார் என்பதற்கு ஆதாரம் என்று முடிவாயிற்று. பிறகு ஓட்டெடுப்பு. ‘மேற்படி ஈரல் குடியினால் பழுதுபட்ட வகையைச் சேர்ந்தது’ என்ற தீர்மானம் ஏழுக்கு நாலு என்ற கணக்கில் நிறைவேறியது. எதிர்த்து ஓட்டுப் போட்ட நாலு பேரில் மூன்று பேர் தனராஜ் எதைச் சொன்னாலும் எதிர்ப்பவர்கள்.

அடியில் தனராஜ் தம் கையால் எழுதியிருந்தார்: ‘மனந்திரும்பி வருகிறவரைச் சபை இரு கையாலும் ஏற்றுக்கொள்ளும். வந்து ஒரு வார்த்தை ஒத்துக்கொண்டால் போதும்.’

“சிரிக்காதிய, தையல் விட்டுப்போகும்” என்றாள் மெட்டில்டா. அவர் சிரிக்கவில்லை. அவள்தான் சிரித்தாள்.

ஊர் திரும்ப இரண்டு மாதம் ஆயிற்று. முதல் ஞாயிறு மண்டபத்தில் அவரை எழுப்பி நிறுத்தினார்கள். சட்டை தொளதொளவென்று தொங்கியது. பெண்கள் பக்கம் இரண்டொருவர் மூக்கைச் சிந்தினார்கள். ஒத்துக்கொண்டால் தலைவர் பதவி மறுபடி கிடைக்கும், இந்த முறை இன்னும் மதிப்போடு. விழாதவனைவிட விழுந்து எழுந்தவனைச் சபைக்குப் பிடிக்கும். விழாதவன் எல்லோருக்கும் கொஞ்சம் தொந்தரவு.

“நான் குடிச்சதில்ல” என்றார் இஞ்ஞாசி. மண்டபத்தில் ஒரு ஏமாற்றம் ஓடியது. “ஆனா ஒரு தப்புப் பண்ணியிருக்கேன். கண்ணு மஞ்சளாருக்குன்னு பேரு வாசிச்சேன். அது காமாலையாவும் இருக்கும், கட்டியாவும் இருக்கும், நமக்குத் தெரியாத எதுவாவும் இருக்கும். உள்ள இருக்கதைப் பாக்க மிஷின் வேணும். மிஷின் வச்சுப் பாக்கவங்களே ஒரு படத்தோட நிக்காம ரெண்டு படம் எடுக்காங்க. நான் வாசல்ல நின்னு பாத்தேன். பவுலு, எந்திரிப்பா. உன் பேரை நான் வாசிச்சது தப்பு.”

பவுல் எழுந்திருக்கவில்லை. “இப்பச் சொல்லி என்ன அண்ணாச்சி? எம் பொண்ணைக் கேட்டு வந்தவன் திரும்பிப் போய் நாலு வருசமாச்சு” என்று உட்கார்ந்தபடியே சொன்னார்.

தனராஜ் உடனே எழுந்து, தலைவர் மனம் உருகித் தம் தவறை ஒத்துக்கொண்டார் என்று அறிவித்தார். ‘தப்புப் பண்ணியிருக்கேன்’ என்ற இடத்தை மட்டும் எல்லோரும் கேட்டிருந்தார்கள். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. தலைவர் பதவியை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. அதையும் பணிவு என்று குறித்துக்கொண்டார்கள்.

பிறகு அவர் துறைமுகத்துக்கே திரும்பினார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மெட்ராஸ் போய்ப் படம் எடுத்துக்கொண்டார். புதிய ஓட்டை ஏதும் இல்லை என்று பகவதி ஒவ்வொரு முறையும் சொன்னார், அடுத்த முறையும் இருக்காது என்று ஒரு முறையும் சொல்லவில்லை. தெற்கு வாடியில் அவர் குடியை வென்ற மனிதராக உலவினார். மறுத்துச் சொல்லிப் பார்த்தார். மறுக்க மறுக்க அவர் மீது மரியாதை கூடியது. கடைசியில் மறுப்பதையும் விட்டார். ஆனால் இரவு படுத்தால் அந்த ஏழு ஓட்டு உறுத்தியது.

அடுத்த வருடம் ஆறுமுகநேரி உப்பளத்திலிருந்து பிளாரன்ஸ் என்ற பெண் ஒருத்தி வீடு தேடி வந்தாள். அவள் புருஷன் இனிகோ, கூலியைக் கள்ளச்சாராயத்தில் தொலைக்கிறவன். “குடிச்சு விட்டவங்க நீங்க, ஒரு வார்த்தை சொன்னாக் கேப்பான்” என்றாள். தாம் குடித்ததில்லை என்று சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து, சட்டையை மாட்டிக்கொண்டு கூடப் போனார்.

உப்புக் குவியலின் நிழலில் இனிகோ உட்கார்ந்திருந்தான். தெளிவாகத்தான் இருந்தான், ராத்திரி குடித்த வாடை மட்டும் மிச்சமிருந்தது. இஞ்ஞாசி எதிரே குந்தினார். மேடையில் இருபது வருடம் பேசியது ஒன்றுகூட இவ்வளவு கிட்டத்தில் வாயில் வரவில்லை.

இனிகோதான் அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு ஆரம்பித்தான்.

“நீங்க குடிச்சதே கிடையாதுல்ல அண்ணாச்சி?”

இஞ்ஞாசி நிமிர்ந்தார். “உனக்கு யாருலே சொன்னா?”

“யாரு சொல்லணும்? இந்தா, என் வாடை பட்டதும் மூஞ்சிய எப்படித் திருப்புதிய. ஒரு தடவை ருசிச்சவன் இப்படித் திருப்ப மாட்டான். எங்க ஆளுக அத்தனை பேருக்கும் தெரியும். கரையில உங்க பேச்சு வந்தாலே சிரிப்போம். பாவம், குடிக்காமலே பேரு வாங்கிட்டாருன்னு.”

“அத்தனை பேருக்குமா?”

“அத்தனை பேருக்கும்.”

“சபையில வந்து ஒரு நா சொல்லுதியா இனிகோ?”

இனிகோ அவரைப் பரிதாபமாகப் பார்த்தான்.

“சொல்லலாம். குடிகாரன் சொன்னா எவன் அண்ணாச்சி நம்புவான்?”